கிராணி வராத ஞாயிறு: காஹாங் போய் வந்த கதை

மீன் பிடிக்கத்தான் காஹாங் போனேன். ஜொகூர் பாருவில் மழை விட்டதும், சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்த கையோடு ரயிலேறிவிட்டேன். குளுவாங்கில் இரவு தங்கல், காலையில் பஸ். இருபது மைல், எண்பது காசு. சாலை ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

மீன் ஒன்றும் சிக்கவில்லை. திரும்பும் பஸ் ஐந்தரைக்கு. நாலு மணிக்குக் கடைத்தெருவில் ஒரு பலகை வீட்டைப் பார்த்தேன். ‘வாசகசாலை, எல்லாரும் வரலாம்’ என்று எழுதியிருந்தது. உள்ளே பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர்கள் ஆணும் பெண்ணுமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிறுதோறும் அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறவர் தையற்கடை முத்தையா. சிங்கப்பூர்ப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். எனக்குப் பொறுமை கிடையாது.

“யாருக்காகக் காத்திருக்கீங்க?”

“கந்தையா கிராணிக்கு. இன்னும் வரல.”

கந்தையா பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக்காரர். துரையோடு சேர முடியாது, தொழிலாளர்களோடு சேர வழக்கமில்லை. தனி வீடு, தனிச் சமையல். இங்கே மட்டும்தான் நாலு பேரோடு உட்காருவாராம்.

“ஒருத்தர் வராட்டி செய்தி கெட்டுப்போகுமா?” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

“வராத வாரம்னா முன்னாடியே சொல்லிடுவாரு” என்றார் முத்தையா.

அஞ்சலை என்ற பெண், “நேத்துக் காலையில பெரட்டுல எங்க பேரைக் கூப்பிடுறப்பவே அவருக்குக் கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு” என்றாள். அவ்வளவுதான், கிராணி வீட்டுக்குப் போக எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

“புலி நடமாட்டம் இருக்கு, கூட்டமா போகணும். நீங்களும் வாங்க, ஐயா” என்றார் முத்தையா.

பஸ் போய்விடுமே என்று வாய்வரை வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு கூடப் போனேன். இரண்டு மைல். மேகம் கவிந்து மரங்களுக்கடியில் பொழுதோடு இருட்டிவிட்டது. முன்னால் போனவர் தகரத்தைத் தட்டிக்கொண்டே நடந்தார். சேற்றில் பதிந்திருந்த அகன்ற கால்தடத்தைக் காட்டினார்கள். உள்ளபடி சொன்னால், கிராணியை நினைத்து அல்ல, என்னை நினைத்துத்தான் பயந்தேன்.

வீடு உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிட்டோம், பதில் இல்லை. சன்னல் பலகையைப் பெயர்த்து முத்தையா உள்ளே இறங்கினார். அவர் கதவைத் திறந்ததும் நாங்களும் நுழைந்தோம். கந்தையா காய்ச்சலில் தரையில் கிடந்தார். தண்ணீர்ப் பானை கைக்கெட்டாத தூரத்தில் இருந்தது. அஞ்சலை துணியை நனைத்து அவர் உதட்டில் பிழிந்தாள். கண் திறந்தார்.

“பேப்பர் வாசிச்சு முடிச்சிட்டியளோ?”

“இல்ல கிராணி. நீங்க வரலையே” என்றார் முத்தையா.

கந்தையா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். போர்வையைக் கம்பில் தூளியாகக் கட்டி, அவரை அதில் கிடத்தி, தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். காலைவரை விட்டிருந்தால் ஆள் தேறியிருக்கமாட்டார் என்றார் அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர். மறுநாள் கந்தையா கஞ்சி குடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

காஹாங் போகிறவர்கள் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரையும் கொசுவலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலை பஸ்ஸை நம்பிக் காரியம் வைத்துக்கொள்ளாதீர்கள். வாசகசாலைக்குக் கட்டணம் இல்லை. உங்கள் பெயரையும் தங்கும் இடத்தையும் சொல்லிவிட்டு உட்காருங்கள். அதன் பிறகு உங்களுக்குக் கவலை இல்லை.

செவ்வாயன்று நான் வேலைக்குத் திரும்பினேன். ஒருநாள் சம்பளம் பிடித்துக்கொண்டார்கள். திங்களன்று உனக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.