ஆரோக்கியண்ணனும் என் பேட்டரி வண்டியும்

ஆரோக்கியண்ணன் இன்னிக்குக் காலைல தவறிட்டாருங்க.

அவரு பொண்ணு போன் பண்ணுச்சு. "அக்கா, அப்பா போயிட்டாங்க"ன்னு மட்டும் சொல்லுச்சு. 

அருள்புரத்துல நான் துணி செக்கிங்ல இருந்த பனியன் கம்பெனில அவரு மெக்கானிக். தையல் மிசின் எது நின்னாலும் அவருதான் வரணும். அங்க வேலை பாத்தவங்க இந்த குரூப்ல நாலஞ்சு பேரு இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்காக எழுதறேன்.

குள்ளமா இருப்பாரு. எந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டை. மிசின்கிட்ட வந்ததும் கையை வைக்க மாட்டாரு, மொதல்ல டெய்லரைத்தான் கேப்பாரு. "நிக்கறதுக்கு முன்னாடி சத்தம் எப்புடி வந்துச்சுங்க?"

2008 இல்ல 2009 இருக்கும். எனக்கு வலது கால் போலியோ. சைடு வீல் வெச்ச ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருந்தேன். அதுக்கு முன்னாடியெல்லாம் எங்கண்ணன் பைக்ல கொண்டாந்து விட்டாத்தான் வேலை. அவனுக்கு நேரமில்லைன்னா எனக்கு லீவு.

வாங்கி வருசம் திரும்பல... ஒரு மழை நாள்ல, கம்பெனி வாசல்லயே கண்ட்ரோலர் பொகஞ்சு போச்சு. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவுல இருக்கற பெட்டி அது. வண்டி வித்த கடையையே மூடிட்டாங்க. கோயமுத்தூர்ல தேடி வேற ஒண்ணு வாங்கியாந்தேன். பேப்பர் இல்ல, படம் இல்ல. பெட்டியும் ஒயரும் மட்டும்.

எங்கண்ணன் நேராவே சொல்லிட்டான். "தெனமும் என்னால கொண்டாந்து விட முடியாது. இந்த மாசத்தோட வேலைய விட்டுரு."

மறுநாள் ஆரோக்கியண்ணன்கிட்ட அந்தப் பெட்டியக் காட்டினேன்.

"அம்மிணி, இதை நான் தொட்டதே இல்லீங்க"ன்னாரு. கொஞ்ச நேரம் ஒயரையே பாத்தாரு. "ஆனா நம்ம புது மிசின்ல வர்ற மோட்டாரும் இதே மாதிரிதான். பாக்கலாமா?"

லஞ்ச் டைம்ல உக்காந்தோம். மோட்டாருக்குக் கரண்ட் போறதுக்கு மூணு தடி ஒயரு. சக்கரம் எந்த எடத்துல நிக்குதுன்னு சொல்றதுக்கு மெல்லிசா இன்னும் மூணு. ரெண்டுலயும் மஞ்சள், பச்சை, நீலம். அடில கட்டை வெச்சு பின்சக்கரத்தைத் தூக்கிட்டு, கலருக்குக் கலர் சேத்தாரு.

ஆக்சிலேட்டரை லேசா முறுக்கினேன். சக்கரம் சுத்தல... குளிர் காய்ச்சல் வந்த மாதிரி நடுங்குச்சு.

"உடுங்க, உடுங்க! இதும் பொகஞ்சுரும்"னு கத்திட்டாரு. அப்பறம், "வண்டி செஞ்சவன் போட்ட கலரு வேற, பெட்டி செஞ்சவன் போட்ட கலரு வேறயாட்ட இருக்குதுங்க."

மூணு தடி ஒயரை ஆறு விதமா மாத்தலாம். ஆறையும் ஒரு அட்டைல எழுதிட்டாரு. நடுங்கினா ஒரு கோடு, அடுத்தது. மறுநாள் மத்தியானம் அஞ்சாவது தடவை சக்கரம் சத்தமே இல்லாம சுத்துச்சு.

சந்தோசத்துல கட்டையை உருவிட்டு, "இருங்க, மொதல்ல நான் பாக்கறேன்"னு ஏறி உக்காந்து முறுக்கினாரு.

வண்டி பின்னாடி போச்சு!

நேரா போயி, ஷிப்மென்டுக்கு அடுக்கி வெச்சிருந்த அட்டைப்பெட்டி மேல... எல்லாம் சரிஞ்சு, நடுவுல ஆரோக்கியண்ணன்.

மேனேஜர் ஓடியாந்தாரு. "இது கம்பெனியா, ஒர்க்‌ஷாப்பா?" நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இவரு முந்திட்டாரு. "நாந்தாங்க செஞ்சேன். அந்தப் புள்ள வேண்டாம்னுதான் சொல்லுச்சு."

நான் அப்படி சொல்லவே இல்ல.

அன்னிக்கே கம்பெனி டெம்போல ஏத்தி வண்டிய எங்க ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. வாசல்ல எறக்கும்போது எங்கண்ணன் என்னைப் பாத்த பார்வை... சரி, அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சு, ஆரோக்கியண்ணன் அவரு ஊரு மண்ணரைல இருந்து ரெண்டு பஸ் மாறி எங்க ஊட்டுக்கே வந்து நிக்கறாரு. வெள்ளைச் சட்டை, கைல டூல்ஸ் பை.

"இது ஓடாதுங்க. எதுக்குங்க உங்களுக்கு சிரமம்?"னு அண்ணன் கேட்டான்.

"ஓடலைன்னா நானே சொல்லிடறேனுங்க. இந்த அட்டைய மட்டும் கொஞ்சம் புடிங்க. நான் சொல்லச் சொல்ல கோடு போடுங்க."

மெல்லிசு ஒயர்ல மஞ்சளையும் பச்சையையும் எடம் மாத்திட்டாரு. அப்படி மாத்தினா சுத்தற பக்கம் மாறுமாம். ஆனா தடி ஒயரை மறுபடியும் ஒண்ணுல இருந்து பாக்கணுமாம்.

மொதல்ல நின்னுட்டே கோடு போட்டவன், மூணாவதுக்குக் குத்த வெச்சு உக்காந்துட்டான். "அடுத்து நீலத்தை நடுவுலங்களா?"ன்னு அவனே கேக்கறான்.

நாலாவதுக்கு சுத்துச்சு. இந்தத் தடவை யாரும் அவசரப்படல. மூணு பேரும் தலையச் சாச்சு, எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்தோம்.

முன்னாடி.

அண்ணன் ஹேண்டில் பாரைப் புடிச்சான். "அம்மிணி ஓட்டட்டுங்க"ன்னாரு ஆரோக்கியண்ணன்.

தண்ணி டேங்க் வரைக்கும் போயிட்டு வந்தேன். ரெண்டு பேரும் வாசல்லயே நின்னுட்டு இருந்தாங்க. வேலைய விடற பேச்சை எங்கண்ணன் அதுக்கப்பறம் எடுக்கல.

இன்னொண்ணும் சொல்லணும். ஒரு தடவை முந்நூறு பீஸ்ல எண்ணெய்க் கறை. திருநெல்வேலில இருந்து வந்த ஒரு டெய்லரம்மாவை எல்லாரும் திட்டிட்டு இருந்தாங்க. இவரு வந்து, "அவங்க மேல தப்பில்லீங்க. எண்ணெய் ஒழுகற ஆயில் சீலை மாத்தாம விட்டது நானு"ன்னுட்டாரு.

தப்பு யாரு மேலன்னு செக்கிங் ரிப்போர்ட் நாந்தான் எழுதணும். அவரு பேரைப் போட மனசே வரல, ஆனாலும் எழுதிட்டேன்.

சாயங்காலம் கேட் பக்கத்துல பாத்து, "எம்பேரு கரெக்டா எழுதுனீங்களா அம்மிணி?"ன்னு கேட்டாரு. ஆமாங்கண்ணான்னேன். "சரிங்க"ன்னுட்டு பஸ்ஸுக்குப் போயிட்டாரு.

நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மண்ணரை ஊட்டுல இருந்து எடுக்கறாங்க. பழைய கம்பெனி ஆளுங்க முடிஞ்சா வந்துருங்க.

நாங்க இப்பவே கெளம்பறோம். எங்கண்ணன் சட்டை மாத்திட்டு ரொம்ப நேரமா வாசல்ல நிக்கறான்.

கும்பிடறேனுங்கண்ணா...