இரண்டு பெண்கள் குடும்பமில்லையாம்!

போன கிழமை ஒரு கேட்டடியில் நின்று கத்தினேன். இந்த வயதில் அது அழகா என்று கேட்காதீர்கள். அழகுதான்!

கல்லடிப் பக்கம் வாவிக் கரையில் புதிதாக ஒரு ரோஜாத் தோட்டம் திறந்திருக்கிறார்கள். தொடங்கும்போது, வீட்டில் ரோஜாக் கன்று இருந்தால் தாருங்கள் என்று ஊர்ச் சனத்திடம் கேட்டார்கள். காத்தான்குடியில் இருக்கும் என் சிநேகிதி பரீதாவும் தன் முற்றத்துப் பன்னீர் ரோஜாவில் பதியம் வைத்து ஒரு கன்று கொடுத்தாள். கொடுத்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே கவலை. "அங்க உப்புக் காத்து, அக்கா... தப்பிச்சிரிக்குமா?" என்று போனில் பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள்.

சரி, நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினோம்.

கேட்டில் வாச்சர். நாற்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆம்புளையாக்கள் வரல்லியா?"

"இல்ல தம்பி. நாங்க ரெண்டு பேர்தான்" என்றேன்.

"அப்ப ஏலாதும்மா. குடும்பங்களுக்கு மட்டும் எண்டு போர்டு போட்டிரிக்கு."

குடைக்குள் ஒளியும் இளசுகளைத் துரத்தப் போட்ட போர்டு அது. அதில் நாங்கள் எப்படி மாட்டினோம்? இரண்டு பெண்கள் சேர்ந்து வந்தால் குடும்பமில்லையாம். பக்கத்தில் ஒரு ஆம்பிளை நின்றால் குடும்பமாம். அவர் யார், எவர் என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை!

எனக்கு வந்ததே கோபம். சட்டம் பேசினேன். பத்திரிகையில் எழுதுவேன் என்றேன் — எழுதிவிட்டேன், பாருங்கள். மனுசன் அசைந்தால்தானே? "மேலிடத்து ஓடர்மா" என்று ஒரே பாட்டு.

பரீதா என் கையைப் பிடித்தாள்.

"வாங்கக்கா, வீட்ட கிறுகிப் போவம்."

அவளுடைய முகம் வாடிவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. இருபது வருடம் தையல் மெஷின் மிதித்து, இரண்டு மகள்மாருக்கும் ஆளுக்கொரு கல்வீடு கட்டிக் கொடுத்தவள் இவள். தான் கொடுத்த செடியைப் பார்க்க இவளுக்கு ஒரு ஆம்பிளைத் துணை வேண்டுமா?

நாலு அடி நடந்திருப்போம். பரீதா நின்றாள். திரும்பி வாச்சரைப் பார்த்தாள்.

"தம்பி, நீங்க இரிக்கிற வீடு ஆர்ட வீடு?"

மெதுவாகத்தான் கேட்டாள். வாச்சர் விழித்தார்.

"பொஞ்சாதிட..."

வேறென்ன சொல்வார்? நம் மட்டக்களப்பில் வீடு மகளுக்குத்தானே. மாப்பிள்ளை வந்து ஏறுகிறவர். தமிழரோ முஸ்லிமோ, இந்த விஷயத்தில் எங்களுக்குள் பேதமில்லை.

"கலியாணத்தண்டு நீங்க வாசலில வந்து நிக்கக்குள்ள, அவ இப்படித்தான் மறிச்சாவா?"

பக்கத்தில் கடலை விற்றவர் வெடித்துச் சிரித்துவிட்டார். வாச்சரும் தலையைச் சொறிந்தார். கேட் திறந்தது.

செடி தப்பியிருந்தது! மலைநாட்டிலிருந்து லொறியில் வந்த ரோஜாக்கள் பாதி கருகி நிற்க, பரீதாவின் கன்றில் இரண்டு மொட்டு. "பட்ட வெயிலுக்க தண்ணி ஊத்துறாங்க போல, இலையப் பாருங்கக்கா" என்று ஏசிக்கொண்டே சருகு கிள்ளினாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தோம். பூட்டும் நேரம்வரை எழும்பவேயில்லை. எனக்குக் கால் மரத்துப்போனது. ஆனாலும் எழும்பவில்லை. வீம்புதான்!

யோசித்துப் பார்த்தால்... வீட்டைப் பெண்ணின் பெயருக்கு எழுதிக் கொடுக்கிற ஊர் இது. வாசலுக்கு வெளியே ஒரு பெஞ்சைக்கூட எழுதித் தரவில்லை. எழுதித் தரட்டும் என்று காத்திருக்க முடியுமா? போய் உட்கார வேண்டியதுதான்.

நேற்று மறுபடியும் போனோம். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்களே... இந்தமுறை எட்டுப் பெண்கள். மருந்துக்குக்கூட ஒரு ஆம்பிளை இல்லை. வாச்சர் எங்களைக் கண்டதும் தானாகவே கேட்டைத் திறந்தார்.

கேட்டடியில் முன்பின் தெரியாத ஒரு பெண், சாப்பாட்டுப் பையோடு நின்றாள்.

"நானும் உங்களோட வாறன்கா" என்றாள்.

"வாங்க, வாங்க. நீங்க ஆரு?"

வாச்சரைக் கையால் காட்டினாள்.

"இவர் என்ட வீட்டிலதான் இரிக்கிறார்."