ஜீப் இன்னும் இழுக்கிறது

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. அதனால் அவர்கள் பேச வேண்டியதையெல்லாம் நான் பேசினேன். விசேஷ வீடுகளில் ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு "உங்க அப்பாகிட்ட சொல்லு" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "உங்க பெரியப்பாவக் கேளு" என்று மற்றவர் பதில் சொல்வார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருவரும் இருந்தார்கள். தினமும் காலையில் எல்லோருக்கும் ஆளுக்கொரு ரோஜாப்பூ அனுப்புவார்கள். அந்த 'எல்லோரில்' மற்றவர் சேர்த்தி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

சண்டைக்குக் காரணம் தாத்தாவின் ஜீப். அவருக்குப் பிறகு அது லால்குடியில் வயலைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பாவிடமே தங்கிவிட்டது. அதில் அப்பாவுக்கு வருத்தமில்லை. ஆனால் பெரியப்பா போனில் யாரோ போட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வாய்க்கால் கரையில் அடி தட்டுகிறது என்று ஜீப்பைத் தூக்கி உயர்த்தி, அதற்குப் பெரிய பெரிய டயர்களையும் மாட்டிவிட்டார். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கும் அப்பா அதை ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பார்த்தார். "எங்க அப்பா இருந்திருந்தா இத விட்டு எறங்கி நடந்தே போயிருப்பாரு" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். பெரியப்பா பந்தியில் உட்காராமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு உயர்ந்த ஜீப்பைத்தான் பிடித்திருந்தது. அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு கொள்ளிடம் பாலத்தில் போனால் கைப்பிடிச் சுவர்தான் தெரியும். ஜீப்பில் உட்கார்ந்தால் ஆறு முழுவதும் தெரியும்.

ஆனால் உயர்ந்த நாளிலிருந்து ஜீப்புக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் அது தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுங்கும். இழுத்துத் திருப்பினால் மறுபக்கம் ஓடும். நேரான சாலையிலும் பெரியப்பா மாவாட்டுகிறவர் போலக் கைகளை ஆட்டிக்கொண்டே வருவார். ஊர் மெக்கானிக், ஸ்டியரிங்கை அடியோடு மாற்றி பவர் ஸ்டியரிங் வைத்தால்தான் சரியாகும் என்று ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு இன்னொரு ஜீப்பே வாங்கலாமாம். இன்னொரு தடவை பாலத்தில் ஆடினால் விற்றுவிட வேண்டியதுதான் என்று பெரியம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள். ஒரு ஆள் வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டும் போயிருந்தான். அதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா மட்டும் இரண்டு பக்கமும் பேசுவாள். அவள் என்ன பேசினாளோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப் கே.கே. நகரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. பெரியப்பா இறங்கி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போனார்.

"எப்பலேருந்து ஆடுதுன்னு கேளு."

"தூக்குனதுலேருந்துதான்னு சொல்லு."

"தூக்கச் சொன்னது யாருன்னு கேளு."

இதை நான் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் புத்தி இருந்தது.

அப்பா முதலில் செலவில்லாத வேலைகளைச் செய்தார். டயரில் காற்றைக் குறைத்தார், ஆடுகிற இணைப்புகளை இறுக்கினார். பிறகு என் சைக்கிளைக் கொண்டுவரச் சொல்லி, முன் சக்கரத்தைத் தாங்கும் கம்பியைக் காட்டினார். அது செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. ஜீப்பிலும் அப்படி ஒரு சாய்வு உண்டு. தூக்கியதில் அது நிமிர்ந்துவிட்டது, அதனால்தான் தடுமாறுகிறது. ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த இரும்புத் துண்டு கொடுத்தால் பழைய சாய்வு வந்துவிடும். இதையெல்லாம் அவர் என்னிடம்தான் சொன்னார், ஆனால் கொஞ்சம் உரக்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நிமிர்ந்து நில் என்கிறார்கள். இங்கே நிமிர்ந்து நின்றால் தடுமாறுமாம், சாய்ந்தால்தான் நேராகப் போகுமாம். இதை எப்படிப் போய்ச் சொல்வது என்று பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் வேப்பமரத்திடம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

துவாக்குடியில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பாவின் பழைய மாணவர் ஒருவர், கழித்துப்போட்ட இரும்பில் இரண்டு துண்டுகள் கடைந்து கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அவற்றை மாட்டினார். பெரியப்பா ஜாக்கியைப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் ஏற்று, போதும் நிறுத்து, என்று நான் இரண்டு பக்கமும் ஓடி ஓடிச் சொன்னதில் தொண்டை கட்டிவிட்டது.

பிறகு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். பெரியப்பா ஓட்டினார், அப்பா அந்தப் பக்கம், நடுவில் நான். காவிரிப் பாலத்திலும் ஸ்ரீரங்கத்திலும் நெரிசல், வண்டி ஊர்ந்தது, ஒன்றும் தெரியவில்லை. கொள்ளிடம் பாலத்தில் வேகம் எடுத்ததும் ஜீப் முன்னைவிட மோசமாக ஆட ஆரம்பித்தது. ஆற்றைப் பார்க்க எழுந்தவள் அப்பாவின் மடியில் விழுந்தேன். எதிரே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஜீப் அதை நோக்கியே போனது.

"அண்ணே, பிரேக்க மிதிச்சிராத. கால மட்டும் எடு" என்றார் அப்பா.

"எடுத்துட்டேன்டா. நீ புள்ளயப் புடிச்சுக்க."

பஸ் உரசாமல் போயிற்று. ஊர்ந்து ஊர்ந்து பாலத்தைக் கடந்து ஒரு டீக்கடை ஓரம் நின்றோம். ஜீப் கதை முடிந்துவிட்டது, பெரியம்மா விற்றுவிடுவாள் என்று நான் அழுதுகொண்டிருந்தேன். அப்பா அடியில் புகுந்து பார்த்தார். துண்டுகளைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அடியிலிருந்தே குரல் வந்தது.

"நாந்தான் துண்டத் திருப்பி வச்சிட்டேன். தடிச்ச பக்கம் மாறிப்போச்சு."

பெரியப்பா இப்போது ஏதாவது சொல்வார், நானும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன். அவர் ஜாக்கியை எடுத்து வைத்துவிட்டு, "டீ குடிச்சிட்டுப் பண்ணலாமா?" என்றார்.

நான் குனிந்து, "அப்பா, டீ குடிச்சிட்டுப் பண்ணலாமான்னு பெரியப்பா கேக்குறாரு" என்றேன். இருவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நான் என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை.

துண்டுகளைத் திருப்பி மாட்டிக்கொண்டு திரும்பினோம். மரங்களுக்கு மேலே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரிந்தது. ஜீப்பில் வரும்போதெல்லாம் அது முன்கண்ணாடியில் இங்கும் அங்கும் அலைந்துகொண்டே இருக்கும். அன்று வைத்த இடத்தில் நின்றது. பெரியப்பா பாலத்தின் நடுவில் ஒரு கணம் இரண்டு கைகளையும் எடுத்துக் காட்டினார். ஜீப் நேராகப் போனது. நான் ஆற்றைப் பார்த்தேன்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜீப் மறுபடியும் வாசலில் நின்றது. "இன்னும் லேசா இழுக்குதுடா" என்றார் பெரியப்பா. அப்பா ஸ்பேனரோடு அடியில் போனார். மதியம் சாப்பிட்டார்கள், தாத்தாவைப் பற்றி என்னவோ பேசிச் சிரித்தார்கள், ஜீப் போனது. அதற்கடுத்த வாரமும் இழுத்தது. லால்குடியில் தங்கியிருந்த என்னை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வாரம் கோடு போட்ட மாதிரி வந்த வண்டி, வாசலுக்கு வந்ததும் இழுத்தது.

"இழுக்கவே இல்லயே பெரியப்பா. பாலத்துல கைய விட்டுட்டுல்ல ஓட்டுனீங்க?" என்றேன்.

வெங்காயம் உரிக்க வா என்று அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். போனால் வெங்காயம் எல்லாம் உரித்துத்தான் இருந்தது.

விற்கச் சொன்ன பெரியம்மாவாவது உண்மையைச் சொல்வாள் என்று நம்பினேன். அவளும் ஒரு வாரம் கூடவே வந்தாள். "ஆமாங்க, கொஞ்சம் இழுக்கத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த முருங்கைக்காயை அம்மாவிடம் கொடுத்தாள்.

பொறுக்க முடியாமல் நானே ஜீப்புக்கு அடியில் புகுந்து அப்பாவின் பக்கத்தில் படுத்தேன். இறுகியிருந்த ஒரு நட்டை அவர் ஒரு சுற்றுத் தளர்த்தினார். பிறகு அதே சுற்று இறுக்கினார்.

"போன வாரமும் இதத்தானப்பா பண்ணீங்க?"

"சும்மா இரு."

"என்னடா, புடிபட்டுச்சா?" என்று மேலிருந்து பெரியப்பா கேட்டார்.

"இல்லண்ணே. அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டு வா, பாப்போம்."

இவர்கள் இருவருக்கும் வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.