பட்டை போட்ட மரங்கள்

திண்டிவனம் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்திலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து, "உங்க ஆபீசு தனகோடி சார் பூட்டாருங்க" என்றார். சாவுச் சேதி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம். மாசி என்றால் காட்டில் மரங்களை அளவெடுக்கும் மாதம். அதை என் தலையில் கட்டிவிட்டுப் போக இந்த மாதம்தானா கிடைத்தது?

அவரோடு வனத்துறையில் வனவர்களாக இருந்த உங்களுக்கெல்லாம் தெரியும், மனிதர் எவ்வளவு பேஜார் என்று. 'காடு நன்றாக உள்ளது' என்று எழுதினால் மேலிடத்துக்குப் போதும். அவருக்குப் போதாது. "போன வருசம் பார்த்த அதே மரத்த இந்த வருசமும் பாக்கணும்யா. மழ இல்லாதப்ப எது தாங்குது, எது சாவுதுன்னு வேற எப்படித் தெரியும்?" என்பார். நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும். கொஞ்சம் கீழே இறங்கினாலும் மறுபடி சுற்றச் சொல்வார். வெயிலில் மண்டை பிளக்கும்.

அதே மரத்தை அடையாளம் காணச் சிவப்புப் பெயிண்டால் வளையம் போட்டார். சிவப்பு வளையம் என்றால் வெட்டலாம் என்று அர்த்தம். "வேணாம் சார்" என்றேன். கேட்டால்தானே! பக்கத்துத் தைலமரத் தோப்பை ஏலம் எடுத்த கான்ட்ராக்டர், வளையம் போட்ட மரங்களையும் தேடித் தேடி வெட்டிவிட்டார். "நீங்கதான சார் மார்க் போட்டீங்க" என்றார் பவ்யமாக. தனகோடி அடிமரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து வெள்ளைப் பெயிண்டோடு வந்தார். மிச்சமிருந்த மரங்களில் விபூதிப் பட்டைபோல மூன்று கோடு. "இப்ப எவன் கத்தி வெக்கிறான், பாக்கறேன்." ஒருவரும் வைக்கவில்லை.

நாங்கள் அளந்துவந்த அந்தப் புதர்க்காட்டை அழித்துத் தைலம் நட மேலிடம் துடித்தது. மழை பொய்த்தபோது தைலக் கன்றுகள் காய்ந்ததையும் காட்டு மரங்களான உசிலும் வீரையும் தாங்கியதையும் அளவுகளோடு காட்டித் தடுத்தவர் அவர்தான். 'இன்னும் ஒரு வருஷ அளவு பார்த்து முடிவு செய்வோம்' என்றார்கள். அந்த வருஷம்தான் இது.

அவர் ஊரான வளவனூரில் அவரை எரித்துவிட்டு, மறுநாள் டேப்போடு காட்டுக்குப் போனேன். பட்டை போட்ட உசிலுக்கு மஞ்சள் துணி கட்டி, ஒரு அம்மா கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"செருப்ப கழட்டுங்க சார். சாமியப் போயி அளக்கறதா?"

"பட்டை போட்டவரே அளக்கச் சொல்லிட்டுப் போயிருக்காரும்மா."

"போயிருக்காருன்னா?"

சொன்னேன். அந்த அம்மா துணியை அவிழ்த்து வழிவிட்டார்.

டேப்பைச் சுற்றினேன். சற்றுக் கீழே இறங்கியிருந்தது. யாரும் பார்க்கவில்லை, அப்படியே எழுதிக்கொள்ளலாம். தனகோடி எனக்கு விட்டுப்போன சொத்து இந்தத் தொல்லைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைத் திட்டிக்கொண்டே மறுபடி சுற்றினேன்.