பாறையைப் பார்த்த கதவு

"மின்வலையைச் சாராத தனி வசிப்பாளர் என்பவர், பொது மின்சாரம், பொதுக் குடிநீர், பொதுக் கழிவுநீர் வசதி ஆகியவற்றுள் எதனையும் நாடாது, தம் தேவைகளைத் தாமே நிறைவு செய்துகொண்டு, அண்டை அயலாருக்கு எவ்வித இடையூறுமின்றி அமைதியாக வாழும் நபர் ஆவார்."

காட்டுப்புறத்து நிலத்தில் சரக்குப் பெட்டியை இறக்கி அதிலேயே குடியிருக்க விரும்புவோருக்கு அரசு தரும் அனுமதிச் சீட்டில் இப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அதற்குக் கீழே, அந்த அமைதியான நபரின் புகைப்படம். படத்தில் இருப்பவர், லிஃப்ட் பழுதான நாளில் நாலு மாடி ஏற மனமில்லாமல், மெக்கானிக் வரும்வரை கீழே பேக்கரியில் உட்கார்ந்திருந்தவர். குளியலறை பல்பை மாற்ற வாட்ச்மேனைக் கூப்பிட்டவர். தண்ணீர்த் தொட்டி காலியானால் அதை ஒரு தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொள்பவர்.

அவருடைய உத்தியோகம் இதைவிட விசேஷம். மின்துறையின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பது.

காலையில் காதில் மாட்டிய கருவியைச் சாயங்காலம்தான் கழற்றுவார். கரன்ட் போனவர்கள், கரன்ட் வராதவர்கள், வந்த கரன்ட்டில் டிவியைப் பறிகொடுத்தவர்கள் என்று நகரம் முழுவதும் வரிசையில் நின்று அவர் காதில் அழும். எல்லோருக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். "பதிவு பண்ணியாச்சு, பாத்துக்கலாம்." யார் பதிவு செய்தார்கள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற அற்ப விவரங்கள் அதில் கிடையா. கெஞ்சுபவருக்கும் திட்டுபவருக்கும் சுருதி பிசகாமல் ஒரே பதில். பல வருஷப் பழக்கத்தில் அது வாயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் உப்பில்லை என்று மனைவி அவரிடம் சொன்னாலும், நிமிராமல் அதையே சொல்லுவார்.

இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. தாடி வைத்த ஒருவர் சரக்குப் பெட்டியைக் குடிலாக்கி, வாசலில் உட்கார்ந்து, சூரிய உதயத்தைப் பார்த்தபடி காபி குடித்தார். தனிமையில் வாழும் அந்த மனிதரை யார் படம் பிடித்தார்கள் என்று நம்மவருக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து மின்சாரம் இல்லாத வாழ்க்கையைப் பற்றி, போனில் சார்ஜ் தீரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அலுவலகக் கம்ப்யூட்டரில், அலுவலக ஏசியின் கீழ், கரன்ட்டைத் துறப்பதற்கான திட்டம் உருவானது. எந்தச் சுவரில் எத்தனை ஜன்னல், மழைநீர் எந்தக் குழாயில் இறங்கும், எந்தக் கோணத்தில் சூரியத் தகடு வைத்தால் வெயில் விழும், எல்லாம் தயார். கூட வேலை செய்பவர்கள் அவருக்குச் 'சாமியார்' என்று பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

நிலத்தையும் அவர் சாதாரணமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. துறையின் வரைபடத்தை விரித்து, மின்கம்பியே போகாத ஒரு மேட்டு நிலத்தைத் தேடிப் பிடித்தார். கம்பி ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தால், அதற்கான காரணம் அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் தன்னைத் தானே விசாரிக்கும் வழக்கம் அந்தப் பிரிவில் இல்லை.

சாமியாரின் சம்சாரம் திரைச்சீலை தைப்பவர். வீட்டின் முன்னறையில் இரண்டு கரன்ட் மெஷின்கள். ஒன்று தைக்க, இன்னொன்று ஓரம் அடிக்க. ஹோட்டல், மண்டபம், மருத்துவமனை என்று கனத்த துணிகளாகவே வரும். அந்த அறையில் நடக்க வேண்டுமென்றால் துணிமலையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். சத்தமில்லாத வாழ்க்கையைப் பற்றி அவர் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால், அந்த அம்மாள் பாதியைத்தான் கேட்டிருந்தார். மீதியை ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ரெண்டு பல்பு, ஒரு ஃபேன், போனுக்கு சார்ஜ். மனுஷனுக்கு வேற என்ன வேணும்?"

"என் மெஷின் எதுல ஓடும்?"

"காலால மிதிக்கற மெஷின் இருக்குல்ல? உடம்புக்கும் நல்லது."

"நல்லதா? அப்ப நீங்க மிதிங்க. நான் துணியப் பிடிச்சுக்கறேன்."

திட்டத்தில் உடனே தகடுகளின் எண்ணிக்கை கூடியது. இரண்டு மெஷினும் நாள் முழுக்க ஓடும் என்று அவர் சத்தியம் செய்தார். அந்தச் சமயத்தில் வீட்டுக்காரர் தம் மகளைக் குடிவைக்க வீட்டைத் திருப்பிக் கேட்டார். எப்படியும் எங்காவது போகத்தான் வேண்டும். ஒரு கல்லூரி அரங்கத்துக்கு நீல வெல்வெட்டில் திரை தைக்கும் வேலையை அந்த அம்மாள் அப்போதுதான் ஒப்புக்கொண்டிருந்தார். அவருடைய தொழிலில் அதுவரை வந்த வேலைகளிலேயே பெரியது அதுதான். மாதக் கடைசியில் திரை மேடையில் தொங்கவேண்டும். தவறினால் அந்தக் கல்லூரி மட்டுமல்ல, அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற இரண்டு கல்லூரிகளும் போய்விடும். மெஷின் ஒருநாள்கூட நிற்காது என்றால் வருகிறேன் என்றார்.

பெட்டியைப் பிடித்துக் கொடுத்தது அம்மாளின் தம்பி. சரக்குப் பெட்டிகளை அடுக்கிவைக்கும் கிடங்கில் மேற்பார்வை வேலை. பெட்டிகளைப் பற்றிப் பேசச் சொன்னால் சாப்பாட்டை மறப்பான். வீட்டுச் சாமான் முழுவதையும் கிடங்கிலேயே பெட்டிக்குள் ஏற்றிப் பூட்டி, ஒரே லாரியில் வீட்டையும் சாமானையும் சேர்த்து அனுப்பலாம் என்பது மட்டும் சாமியாரின் சொந்த யோசனை. அதில் அவருக்குப் பெருமை அதிகம்.

லாரி கிளம்ப வேண்டிய நாளில், நகரத்தின் பாதிக்கு மின்சாரம் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. சாமியாரின் ஒரு காதில் நகரம், இன்னொரு காதில் மச்சான்.

"மாமா, பெட்டிய லாரியில ஏத்தறோம். கதவு டிரைவர் பக்கமா, பின்பக்கமா? வண்டி ரிவர்ஸ்லதான் உள்ள வரணும்னு சொன்னீங்க. இறக்கிட்டா திருப்ப முடியாது, பாத்துச் சொல்லுங்க."

"பதிவு பண்ணியாச்சு, பாத்துக்கலாம்."

"அப்ப வழக்கம்போலப் பின்பக்கமே வச்சிடட்டுமா?"

"அழைத்தமைக்கு நன்றி."

மேட்டு நிலத்தின் கோடியில் ஒரு பெரிய பாறை உண்டு. காற்றுக்கு மறைவாக இருக்கும் என்று, பெட்டியின் முதுகை அந்தப் பாறையோடு ஒட்டி வைப்பதுதான் திட்டம். மறுநாள் லாரி ரிவர்ஸில் பாறைவரை வந்தது. தட்டு சரிந்தது. பெட்டி நழுவி, படத்தில் போட்ட இடத்திலேயே கச்சிதமாக உட்கார்ந்தது. சாமியார் கைதட்டினார். பிறகு எல்லோருமாகக் கதவைத் தேடினார்கள்.

கதவு பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடையில் ஒரு பூனை நுழையலாம். அதுவும் மெலிந்த பூனையாக இருந்தால்.

பெட்டிக்குள் இருந்தவை: கட்டில், பாத்திரம், சூரியத் தகடுகள், பேட்டரி, கடப்பாரை முதல் ஸ்பேனர் வரை எல்லாக் கருவிகளும், இரண்டு மெஷின்களும், ஒரு கல்லூரியின் நீல வெல்வெட் முழுவதும். வெளியே இருந்தவை: கணவன், மனைவி, ஒரு தண்ணீர் பாட்டில். பெட்டியைத் திரும்ப இழுத்து ஏற்ற முடியுமா என்று டிரைவரிடம் கேட்டபோது, முந்தின நாள் மழையில் நிலம் இளகியிருப்பதையும், சக்கரம் மெல்லப் புதைவதையும் காட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் தானும் இங்கேயே குடியேற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாமியார் பாறையையும் சேர்த்துப் பெட்டியைச் சுற்றி வந்தார். இன்னொரு முறை சுற்றினார். கதவு இடம் மாறவில்லை. மனைவி அவர் முகத்தையே பார்த்தார்.

"பாத்துக்கலாம்" என்றார் சாமியார்.

இதையெல்லாம் தம் ஆடுகளோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர் கிட்டே வந்தார். மேட்டில் இருந்த நாலு வீடுகளில் ஒன்று அவருடையது.

"இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

"பாத்துக்கலாம்னு சொன்னேம்மா."

"அதுக்கு முன்னாடி பதிவு பண்ணியாச்சுன்னு வரணுமே." ஆட்டுக்காரம்மா சாமியாரை விட்டுவிட்டு மனைவியிடம் திரும்பினார். "என் பொண்ணு ஒண்ணாங்கிளாஸ் சேந்தப்பலேருந்து கரன்ட் கேட்டுப் போன் பண்றேன். இந்தக் குரல்தான் எடுக்கும். அவளுக்கு இப்ப கல்யாணமே ஆயிடுச்சு."

"எனக்கும் இதே பதில்தாங்கக்கா" என்றார் மனைவி. "நான் போன் பண்ண வேண்டியதில்ல, அதான் வித்தியாசம்."

அன்று இருவரும் ஆட்டுக்காரம்மா வீட்டில்தான் தங்கினார்கள். மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் மின்சாரமில்லாத வாழ்க்கையை முதன்முதலாக நேரில் பார்த்த சாமியார், சுவரில் பிளக் பாயின்ட்டைத் தேடினார்.

மறுநாள் மச்சான் வெல்டரோடும் வாடகை ஜெனரேட்டரோடும் வந்தான். பெட்டியின் பக்கவாட்டில் ஆள் நுழையும் அளவுக்கு வெட்டுவதாக முடிவானது. இரும்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே போன வட்டக் கத்தி முதலில் சந்தித்தது சூரியத் தகடுகளை. அடிபடக் கூடாதென்று சாமியார் அவற்றைத் தம் கையாலேயே அந்தச் சுவரோடு சாய்த்துப் பத்திரமாகக் கட்டியிருந்தார். மிஞ்சியதை வைத்து ஒரு பல்பு எரியும். அதுவும் மேகம் மனது வைத்தால்.

வெட்டிய ஓட்டைக்குக் கதவு கிடையாது. அம்மாள் வெல்வெட்டில் மிச்சம் வரும் ஒரு துண்டைக் கிழித்துத் தொங்கவிட்டார். உலகத்திலேயே கல்லூரி அரங்கம் போல வாசல் வைத்த சரக்குப் பெட்டி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஜெனரேட்டர் திரும்பிப் போகவில்லை. திரையை முடிக்க வேறு வழியில்லை. பறவைச் சத்தம் கேட்க வந்தவரின் தலைமாட்டில் அது காலையிலிருந்து இருட்டும்வரை உறுமியது. சாமியார் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு டீசல் ஊற்றினார். ஆடுகள் அந்தப் பக்கம் மேய மறுத்தன. பால் குறைந்துவிட்டதென்று ஆட்டுக்காரம்மா வேலியோரம் நின்று சத்தம் போட, பழக்க தோஷத்தில் சாமியார் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அந்த வாக்கியம் அவர் தொண்டையிலேயே நின்றது அதுதான் முதல் தடவை.

திரை சொன்ன நாளில் மேடை ஏறியது. கல்லூரியில் கைகுலுக்கினார்களாம், அடுத்த இரண்டு கல்லூரிகளும் துணி அனுப்புவதாகச் சொன்னார்களாம். அம்மாள் ஊசிப் பெட்டியை மூடினார். கத்தரிக்கோலைத் துணியில் சுற்றினார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். தைக்கும் பெண் கத்தரிக்கோலைச் சுற்றிவைத்தால் அது பயணம் என்பது சாமியாருக்குத் தெரியும்.

"அடுத்த வேலைக்கு ஜெனரேட்டர் கிடையாது. எனக்குத் தலை வெடிக்குது, பாவம் ஆட்டுக்கும் வெடிக்குது" என்றார் அம்மாள். "ஒண்ணு இங்க கரன்ட் வரணும். இல்ல, நான் மெஷினத் தூக்கிக்கிட்டு தம்பி வீட்டுக்குப் போகணும். எது சீக்கிரம் நடக்கும்னு உங்க ஆபீஸ்லயே கேட்டுச் சொல்லுங்க."

சாமியார் கேட்டார். கேட்ட இடத்தில் கிடைத்த பதிலை எழுதத் தேவையில்லை. குடி மாறுவதற்கு அவர் எடுத்திருந்த லீவில் அவருடைய நாற்காலிக்கு மாற்றாக வந்த இளைஞர் அதைச் சுருதி பிசகாமல் சொன்னார். ஊரில் மற்றவர்களுக்கு அந்தப் பதிலைக் கேட்டால் கொஞ்சம் நம்பிக்கையாவது வரும். சாமியாருக்கு அந்த வசதி இல்லை.

மேலும் ஒரு சிக்கல். பொது மின்சாரத்தை நாடுவதில்லை என்று அரசிடம் எழுதிக் கொடுத்தவர் அவர். ஒற்றைப் பெட்டிக்காக மேடுவரை கம்பி இழுக்கமாட்டார்கள் என்பதும், நாலைந்து வீடு சேர்ந்து கேட்டால் மறுக்க முடியாது என்பதும் அவருக்கே தெரிந்த விதிகள். அந்த நாலு வீட்டாரும் இத்தனை வருஷம் தனித்தனியாகத்தான் போன் செய்திருந்தார்கள்; சேர்ந்து கேளுங்கள் என்று போனை எடுத்தவர் சொல்லவில்லை. அனுமதியை ரத்து செய்யச் சொல்லிவிட்டு, நாலு வீட்டுக்கும் போய் வாசலில் நின்றார். மூன்று வீட்டில் கையெழுத்துக் கிடைத்தது. ஆட்டுக்காரம்மா கையெழுத்தை அப்புறம் போடுகிறேன், முதலில் நானும் கூட வருகிறேன் என்றார்.

மிச்சம் இருந்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு, மின்துறைப் பொறியாளரின் அறைக்கு எதிர்ப் பெஞ்சில் சாமியார் உட்கார்ந்தார். பக்கத்தில் ஆட்டுக்காரம்மா, மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு. போகிறவர் வருகிறவரெல்லாம், சாமியாரே இங்கேயும் தவமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆட்டுக்காரம்மா ஒவ்வொருவர் பேச்சையும் காதைக் கொடுத்துக் கேட்டு, இந்தக் குரலும் எனக்குத் தெரியும் என்று சத்தமாகச் சொன்னதில், நாளாக ஆக அந்த வராந்தாவில் நடமாட்டம் குறைந்தது. கடைசியில் பொறியாளரே வெளியே வந்தார்.

"உங்களுக்குத் தெரியாததா சார்? வரிசைப்படி வரும்."

"வரிசைன்னு ஒண்ணு இல்ல சார்" என்றார் சாமியார். "இருக்குன்னு இத்தன வருஷம் சொல்லிட்டிருந்தது நான்தான்."

பொறியாளர் ஆட்டுக்காரம்மாவைப் பார்த்தார். ஆட்டுக்காரம்மா சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். எழுந்து போகிறவர் மாதிரி தெரியவில்லை. பொறியாளர் உள்ளே போய் மேட்டு நிலத்தை அளக்க ஆள் அனுப்பினார்.

கம்பங்கள் வந்தபோது லாரி பாறைப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டது சாமியார்தான். கையில் கொப்புளம் வர மண் தள்ளினார். கம்பம் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று ஆட்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், கிட்டே போய்ப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். பெட்டிச் சுவரில் மீட்டரை மாட்டிய ஊழியர், அதற்கு மேலே இன்னும் ஒட்டியிருந்த பழைய அனுமதிச் சீட்டை முழுக்கப் படித்தார். மீட்டர் இதே வீட்டுக்குத்தானா என்று இரண்டு தரம் உறுதி செய்துகொண்டார். உள்ளே அம்மாள் கத்தரிக்கோலைத் துணியிலிருந்து பிரித்து எடுத்தார்.

சாமியார் இப்போதும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறார். மேட்டு நிலத்தில் இருந்த நாலு வீட்டுக்கும், தம் பெட்டிக்கும் அவர் மின்சாரம் வாங்கிக் கொடுத்தார்.