ரொக்கம் தராத வருஷம்

தொண்ணூறுகளில் கோயம்புத்தூருக்குப் பங்குச் சந்தைப் பைத்தியம் பிடித்திருந்தது. எங்கள் வீட்டையும் விடவில்லை. என் பெயரில் மூன்று கம்பெனிகளின் பங்குகள் இருந்தன. ஒன்று பம்பு மோட்டார் செய்வது, ஒன்று கிரைண்டர், இன்னொன்று மில்லுக்கு வேண்டிய இயந்திரங்கள். மற்றவர்கள் பங்கு விலையைப் பார்ப்பார்கள். நான் லாபத்தில் கம்பெனி ரொக்கமாகப் பிரித்துத் தரும் டிவிடெண்டை மட்டும் பார்ப்பேன். மோட்டாரும் கிரைண்டரும் தினமும் வாங்குகிற சாமானா? கை கொஞ்சம் இறுகினாலும் ஜனங்கள் முதலில் தள்ளிப்போடுவது அவற்றைத்தான். அடுத்த வருஷமும் விற்கும் என்று நம்புகிற முதலாளிதான் இருக்கிற காசைப் பிரித்துக் கொடுப்பான். இது என் கணக்கு. என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

அவர் பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தார். வேலை முழுக்க அந்த மோட்டார் கம்பெனியிலிருந்துதான் வரும். அந்த வருஷம் கிரைண்டர் கம்பெனி டிவிடெண்டைப் பாதியாக்கியது. இயந்திரக் கம்பெனி ஒன்றுமே தரவில்லை. இவரோ பேங்கில் கடன் வாங்கிப் புது மெஷின் போடத் துடித்துக்கொண்டிருந்தார். ஈடு வைக்க இருந்தது ஒரே வீடு. அதுவும் என் அப்பா எனக்குக் கொடுத்தது. மோட்டார் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம் முடிந்த மறுநாள் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

கூட்டத்துக்கு இருவரும் போனோம். வாசலில் ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குப்போசி, அது நிறைய மைசூர்பாகு. எந்த வருஷமும் இப்படிக் கொடுத்ததில்லை. "கம்பெனி எப்படி இருக்குது பாத்தீங்களா!" என்று பக்கத்துச் சீட்டுக்காரர் பூரித்தார். தூக்குப்போசியை வைத்துக் கம்பெனியை எடைபோடுகிற சாமர்த்தியம் எங்கள் ஊருக்கே உரியது. பிறகு சேர்மன் எழுந்து, இந்த முறை ரொக்க டிவிடெண்ட் இல்லை, அதற்குப் பதிலாக எல்லோருக்கும் போனஸ் பங்கு என்றார். காகிதம் வரும், காசு வராது. மண்டபமே கைதட்டியது. என் வீட்டுக்காரரும் தட்டினார்.

எழுந்து கேள்வி கேட்டால் சேர்மன் கோபத்தில் பட்டறைக்கு வேலை நின்றுபோகும். கேட்காமல் கையெழுத்துப் போட்டால் வீடு போகும். எழுந்தேன். இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"ஏனுங்க, மழ இல்லாத வருசத்துலகூட ரொக்கம் குடுத்தீங்க. இப்ப லாபம்னு சொல்றீங்க, காசு எங்கீங்க?"

சேர்மன் சிரித்தார். "எங்கீங்க அம்மணி போயிரும்? கம்பெனிக்குள்ளதான் இருக்குதுங்க. இனிப்பு வாங்கிட்டீங்களா?"

மண்டபமும் சிரித்தது. அவர் பேச்சை இனிப்புக்குத் திருப்பியதே, காசு இல்லை என்று எனக்குச் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் இவர் வெடித்தார். "அத்தன பேரு முன்னால என் மானத்த வாங்கிப்போட்டயே!" மறுநாள் நான் பேங்குக்குப் போகவில்லை. அந்த மெஷினை, தானும் ஒரு பட்டறை வைத்திருந்த கொழுந்தனார் வாங்கினார், தன் வீட்டை ஈடு வைத்து. அவரிடமும் சொல்லிப் பார்த்தேன். "நீங்க ரொம்பப் பயப்படறீங்க அண்ணி" என்றார். எங்கள் பட்டறைக்கு வர வேண்டிய வேலையும் அவருக்கே போனது. இவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். சோறு போட்டால் சாப்பிடுவார், அவ்வளவுதான். என் கணக்கு தப்பாகிவிட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அடுத்த ஆடிக்குள் மோட்டார் கம்பெனி ஷிப்டைக் குறைத்தது. பிறகு பட்டறைக்காரர்களின் பில்லுக்குப் பணம் வரவில்லை. கடைசியில் கேட்டையே பூட்டினார்கள். கொழுந்தனார் வீட்டுச் சுவரில் பேங்க் நோட்டீஸ் ஒட்டியது.

அன்று இவர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நீ சொன்னது சரிதான் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். தலையைத் தூக்காமல், "அவனுக்கு ரெண்டும் பொட்டப்புள்ளைங்க" என்றார். உன் வீட்டை ஈடு வை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சண்டை போட்டிருப்பேன்.

வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நானே பேங்குக்குப் போனேன். இன்னொரு ஈடு இருந்தால் கொழுந்தனாருக்கு அவகாசம் தருவதாக மேனேஜர் சொன்னார். என் கையெழுத்துக் கோணலாக விழுந்தது. இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன்.