விமானியின் இருக்கையை நிமிர்த்திய கதை

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன அந்த மாதத்தில், நிவாரணம் கொண்டுவந்த சின்ன ஹெலிகொப்டர் ஒன்று செட்டிபாளையத்து மைதானத்தில் இறங்கும்போது விழுந்தது. தானாக விழவில்லை. அரிசி மூட்டைகளைக் கண்டதும் எங்கள் சனம் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி அதற்குக் கீழேயே ஓடியது. ஆட்களின் தலையில் இறக்காமலிருக்க விமானி வெடுக்கென்று பக்கவாட்டில் திருப்பினார். வீட்டுக் கூரை உயரத்திலிருந்து ஹெலி தொப்பென்று தரையில் குத்தியது. எங்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

வெள்ளைக்கார விமானி தனியாகத்தான் வந்திருந்தார். என் கணவரும் இன்னும் சிலரும் அவரை இருக்கையோடு சேர்த்துக் கழற்றி வெளியே தூக்கினார்கள். முதுகு வீங்கியிருந்தது, உயிர் இருந்தது. மறுநாள் இன்னொரு ஹெலி வந்து உடைந்ததைக் கயிற்றில் தூக்கிக்கொண்டு போனது. இருக்கையைப் பிறகு எடுப்பதாகச் சொல்லி, கூரை மிஞ்சியிருந்த என் கணவரின் வெல்டிங் கடையில் விட்டுப்போனார்கள்.

இரவல் வாங்கிய சுளகைக்கூட வெறுஞ்சுளகாகத் திருப்பிக் கொடுக்காத ஊர் எங்களுடையது. நம்மைக் காப்பாற்றியவனின் கதிரையை அப்படியே கொடுப்பார்களா? கால்கள் நான்கும் மடிந்து, இருக்கை தரையோடு குந்தியிருந்தது. வளைந்த உலோகத்தைக் கண்டால் என் கணவருக்குக் கை சும்மா இராது. தட்டி நிமிர்த்தினார். இனி மடியவே கூடாதென்று கால்களுக்குள் இரும்புக் குழாயைச் சொருகி முடுக்கினார். பெண்கள் உறையைக் கழுவிக் காயவைத்தார்கள். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொடுத்த ஒரு சீப்புக் கதலியையும் அதன்மேல் வைத்துக் காத்திருந்தோம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

விமானி தடி ஊன்றி வந்தார். கூடவே விசாரணைக்கு வந்த பொறியியலாளர் இருக்கையைப் பார்த்தார். வாழைப்பழத்தைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். பிறகு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவள் என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

அந்தக் கால்கள் நசுங்குவதற்காகவே செய்யப்பட்டவையாம். விழுகிற அடியை அவை வாங்கி மடிந்தால்தான் மனிதனின் முதுகெலும்பு தப்புமாம். எவ்வளவு மடிந்திருக்கிறது என்று அளந்தால் எவ்வளவு வேகத்தில் விழுந்தது என்று சொல்லிவிடலாம். விமானி கண்மண் தெரியாத வேகத்தில் இறக்கினார் என்று அவருடைய மேலிடம் சொல்கிறது. இல்லை என்று சொல்ல அவருக்கு இருந்தது இந்த இருக்கை மட்டும்தான். அது போனால் இனி அவர் பறக்க முடியாது.

என் கணவருக்கு இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதுக்கா இந்த முகம்? எவ்வளவு மடிஞ்சிருந்ததெண்டு எனக்குத் தெரியும். திரும்ப மடிச்சித் தாறன் எண்டு சொல்லு புள்ள."

சொல்லிக்கொண்டே சுத்தியலை ஓங்கிவிட்டார். பொறியியலாளர் எழும்பி அவர் கையைப் பிடித்தார். நிலம் பிளந்திருந்தால் நான் உள்ளே போயிருப்பேன். படித்தவள் கட்டிய மாப்பிள்ளை என்று ஊர் பேசுகிற ஆள், அந்நியர் முன்னால் இப்படியா நிற்பது? அவரை யாரென்றே தெரியாதவள் போல ஓரடி தள்ளி நின்றேன்.

"சரி, விழுந்ததைப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன்" என்றார் பொறியியலாளர்.

மைதானம் நிறைய ஓடிய சனம் இப்போது வாவியைப் பார்த்தது. "நாங்க பாக்கல்ல" என்றார் ஒருவர். "நான் அண்டைக்கு ஊரிலயே இல்ல" என்றார் இன்னொருவர். குறை சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து வைத்தவனின் வீட்டுக்கு, படை, இயக்கம் என்று யுத்தத்தின் இரண்டு தரப்பும் விசாரிக்க வந்துவிட்டுத்தான் போகும். ஆனாலும் விமானி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹெலியைத் திருப்புவதற்கு முன் அவர் கடைசியாகக் கண்டது இந்த முகங்களைத்தான். அவருக்கு அடையாளம் தெரிந்தது. வெட்கம் என் காது வரைக்கும் சுட்டது.

என் கணவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"நான் பாத்த. நானும்தான் ஓடின. அந்தாள் ஆறுதலா, மெல்லத்தான் இறக்கினவர், எங்களாலதான் விழுந்தவர். எழுதச் சொல்லு, கையெழுத்து வெக்கிறன்."

"வாயை மூடுங்க, வீட்டில புள்ளைகள் இருக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"என்ன சொல்கிறார்?" என்றார் பொறியியலாளர்.

"சொல்லு புள்ள" என்றார் இவர்.

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. ஊரிலிருந்து அந்தத் தாளில் விழுந்தது அந்த ஒரு கையெழுத்துத்தான். விமானி திரும்பவும் பறந்தாரா என்று எங்களுக்குத் தெரியவேயில்லை.

யுத்தம் முடியும்வரை எங்கள் வேலிப் படலையடியில் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் நான்தான் முந்திக்கொண்டு ஓடுவேன். அவர்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே சொல்வேன்: "எங்கட இவர் ஒண்டும் பாக்கல்ல."

பின்னால் வந்து நின்று அவர் திருத்துவார்: "பாத்த நான்."